பொன்னைத் தனியே, மணியைத் தனியே

ஸஹீஹ் முஸ்லிம் பாடத்தில் ஆண்டுதோறும் நாம் கடந்து செல்லும் அறிவிப்பு ஒன்று உண்டு. கைபர் வெற்றியின்போது நபித்தோழர் ஃபழாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் பொன்னும் மணிகளும் கோத்த கழுத்துமாலை ஒன்றைப் பன்னிரண்டு தீனார் கொடுத்து வாங்கினார். பின்னர் பொன்னையும் மணிகளையும் பிரித்துப் பார்த்தபோது, பன்னிரண்டு தீனாருக்கும் கூடுதலான பொன் அதில் இருக்கக் கண்டார். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் எட்டியது. பிரிக்கப்படும் வரை அத்தகைய மாலை விற்கப்படலாகாது என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். பொன்னுக்குப் பொன் மாறும்போது எடை கூடினாலும் குறைந்தாலும் அது வட்டியாகும் என்னும் சட்டத்தை விளக்கவே ஃபிக்ஹ் அறிஞர்கள் இந்த அறிவிப்பை எடுத்தாளுவர். நாமும் நெடுங்காலம் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டு அடுத்த பாடத்துக்குச் சென்றோம்.

2011ஆம் ஆண்டில் இந்தப் பாடம் நம் குடும்பத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது. கண்டமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நம் தங்கையின் கணவருக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. 1994இல் அவளுடைய நிக்காஹுக்காக நம் தந்தையார் வாங்கிக் கொடுத்த சிவப்புக்கல் அட்டிகையை விற்பதெனத் தீர்மானமாயிற்று. நகரத்துக் கடை ஒன்றில் வாங்கியது அது. கடையின் பெயர் இங்குத் தேவையில்லை. கையால் எழுதிக் கொடுத்த ரசீதில் ஐந்து பவுன் என்றிருந்தது. பவுனுக்கு எட்டு கிராம் என்ற கணக்கில் நாற்பது கிராம். விற்கப்போன இடத்தில் பத்தர் கற்களைப் பெயர்த்து, உள்ளே அடைத்திருந்த அரக்கை உருக்கி எடுத்தபின் தராசில் நின்றது முப்பது கிராம். மீதிப் பத்து கிராமும் கல்லும் அரக்கும். பதினேழு ஆண்டுகளுக்கு முன் அந்த அரக்குக்கும் நம் தந்தையார் பொன் விலை கொடுத்திருக்கிறார். மிஞ்சிய முப்பது கிராமும் இருபத்திரண்டு காரட் அன்று, இருபது காரட்டே என்று சோதனையில் தெரிந்தது.

பிரித்த பிறகே விற்க வேண்டும் என்னும் அந்தத் தீர்ப்பு வட்டியைத் தடுப்பதோடு, வாங்குபவரின் கண்ணைத் திறப்பதாகவும் இருக்கிறது என்பது அன்றுதான் நமக்கு உறைத்தது. இன்று நாம் தீனார் கொடுத்துப் பொன் வாங்குவதில்லை, ரூபாய் கொடுத்தே வாங்குகிறோம். ஆகவே எடை சமமாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை நேரடியாகப் பொருந்தாது. ஆனால் இன்னது பொன், இன்னது கல் என்று அறியாமல் விலை பேசுவதில் உள்ள அறியாமை, அரபியில் கரர் எனப்படுவது, அப்படியே நிற்கிறது.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எளிமைக்காக இருபத்திரண்டு காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்க. நெக்லஸ் ஒன்றின் மொத்த எடை 24 கிராம், அதில் கல்லும் அரக்கும் 3 கிராம், சேதாரம் நூற்றுக்குப் பதினைந்து. மொத்த எடைக்கே விலை போட்டால் தங்கத்துக்கு 2,40,000, சேதாரத்துக்கு 36,000, ஆக 2,76,000 ரூபாய். நிகர எடையான 21 கிராமுக்குப் போட்டால் 2,10,000, சேதாரம் 31,500, கல்லின் விலை 3,000 என்றே கொண்டாலும் 2,44,500 ரூபாய்தான். வேறுபாடு 31,500 ரூபாய். மொத்தத் தொகை மீது விதிக்கப்படும் மூன்று விழுக்காடு சரக்கு சேவை வரியையும் சேர்த்தால் அது இன்னும் வளரும். ரசீதில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்னும் மூன்றும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும் என்று நாம் அடித்துச் சொல்வது இதனால்தான். கல் பதிப்பதற்கு முன் கல்லைத் தனியே நிறுத்துக் காட்டச் சொல்வதில் கூச்சத்துக்கு இடமில்லை. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் அங்காடி மேற்பார்வை பற்றி நூல் எழுதிய அஷ்ஷைஸரீ (ரஹ்) அவர்கள், பொற்கொல்லர்களுக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். உரிமையாளரின் முன்னிலையில் நிறுத்துப் பெறுவதும், வேலை முடிந்தபின் மீண்டும் நிறுத்துக் கொடுப்பதும், பற்றவைக்கும் பொருளை முன்னதாக நிறுத்துக்கொள்வதும் அங்கே கடமையாகக் கூறப்படுகின்றன.

பற்றவைக்கும் பொருள் என்றோம். நம் தங்கையின் அட்டிகையில் மாற்று குறைந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தங்கத் துண்டுகளை இணைக்கும் பற்றாசு, தங்கத்தைவிட எளிதில் உருக வேண்டும். அதற்காகப் பழைய பட்டறைகளில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்த பொடியை வைத்து ஊதுவர். ‘பொடி வைத்துப் பேசுதல்’ என்னும் வழக்கும் இங்கிருந்து வந்ததாகவே சொல்வர். நுண்வேலைப்பாடு மிகுந்த நகையில் இணைப்புகள் மிகுதி, இணைப்புகள் மிகுந்தால் பொடியும் மிகுதி. எனவே இருபத்திரண்டு காரட் தகட்டில் தொடங்கிய நகை, முடியும்போது இருபதுக்கு இறங்கிவிடும். இதற்கு மாற்றாகக் காட்மியம் கலந்த பற்றாசு வந்தது. தங்கத்தோடு மிகச் சிறிதளவு சேர்த்தாலே உருகிவிடும் என்பதால் மாற்று பெரிதும் குறையாது. இதுவே ‘கேடிஎம் நகை’ என்று விளம்பரமாகி, கேடிஎம் என்பதே ஏதோ ஒரு தர முத்திரை என்று மக்கள் நம்பும் நிலை ஏற்பட்டது. அது பற்றாசின் பெயரேயன்றித் தூய்மையின் அளவன்று. காட்மியப் புகை பொற்கொல்லரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அழிப்பது. எனவே தரவிதிகள் அதனை ஏற்பதில்லை.

காரட் என்னும் சொல்லும் அரபிப் பாடம் நடத்துவோருக்கு அயலானதன்று. கிரேக்கத்தின் கெராத்தியோன், அதாவது கரோப் மரத்தின் விதை, அரபியில் கீராத் ஆயிற்று. அங்கிருந்தே ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றது. பைஸாந்தியப் பொற்காசு இருபத்து நான்கு விதை எடையுடையது. அதனால்தான் முழுத்தூய பொன்னை இன்றும் இருபத்து நான்கு காரட் என்கிறோம். இருபத்திரண்டு காரட் என்றால் இருபத்து நான்கில் இருபத்திரண்டு பங்கு, ஆயிரத்துக்கு 916. பதினெட்டு காரட் 750, பதினான்கு காரட் 585. ரத்தினக் கடையில் காரட் என்பதோ முற்றிலும் வேறு. அங்கே அது எடை, ஒரு காரட் 0.2 கிராம். இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘இரண்டு காரட் வைரம், இருபத்திரண்டு காரட் தங்கத்தைவிட மட்டம்தானே’ என்று நம்மிடம் கேட்ட படித்த நண்பரும் உண்டு. பவுனுக்கும் ஒரு கதை உண்டு. ஆங்கிலேயரின் சவரன் நாணயம் ஏறத்தாழ 7.99 கிராம் எடையுள்ள இருபத்திரண்டு காரட் காசு. அதில் தூய தங்கம் 7.32 கிராம். நம் கடைகள் அதனை முழு எட்டு கிராமாக்கி எடையின் பெயராகவே வழங்கிவிட்டன.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஹால்மார்க் முறை தங்கத்துக்கு 2000ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. நம் தந்தையார் வாங்கிய காலத்தில் உரைகல்லும் கடைக்காரரின் வாக்குமே சான்று. 2021 ஜூன் 23 முதல் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் எண்ணும் எழுத்துமாக ஆறு இலக்கம் கொண்ட தனி அடையாளக் குறி, அதாவது எச்.யூ.ஐ.டி., அறிமுகமாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல் அக்குறியுடன் கூடிய ஹால்மார்க் நகையையே கடைகள் விற்க முடியும். இப்போது நகையில் காண வேண்டியவை மூன்று: அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 22கே916 என்பது போன்ற தூய்மைக் குறி, ஆறு இலக்கக் குறி. கைப்பேசியில் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் செயலியில் அந்த ஆறு இலக்கத்தை இட்டால், நகையின் வகை, தூய்மை, பதிவு பெற்ற கடை, சோதித்த மையம் ஆகியவை தெரியவரும். வளையலில் உள்ள குறியை இட்டுப் பார்க்கையில் செயலி மோதிரம் என்று காட்டினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கண்ணுக்கு எட்டாத அளவு சிறியதாகப் பொறித்திருப்பார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டால் கொடுப்பது கடையின் கடமை.

ஹால்மார்க் இட்ட நகையில் குறித்த தூய்மை இல்லையெனச் சோதனையில் தெரிந்தால், விற்ற எடையில் ஏற்பட்ட தூய்மைக் குறைவின் மதிப்பைப் போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குத் தரப்பட வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு விதி. இதனை அறிந்தோர் நம் சமுதாயத்தில் மிகக் குறைவு. அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்துக்குப் பொதுமக்கள் தாமே நகையைக் கொண்டுசென்று சோதித்துக்கொள்ளவும் இயலும். இரண்டு கிராமுக்குக் குறைந்த சிறு நகைகளுக்கு மட்டும் ஹால்மார்க் கட்டாயமில்லை. குழந்தைகளுக்கு வாங்கும் கம்மலிலும் மூக்குத்தியிலும் கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

நிறையைக் கொண்டு பொருளை அறியும் கலையில் நம் முன்னோர் யாருக்கும் பின்தங்கியவர் அல்லர். கி.பி. 973இல் பிறந்த அல்பீரூனீ, ரத்தினங்களையும் உலோகங்களையும் பற்றி ‘அல்ஜமாஹிர்’ என்னும் பெருநூல் எழுதினார். பொருளை நீரில் அமிழ்த்தி வெளியேறும் நீரை நிறுத்து, உலோகங்களைப் பொன்னோடும் கற்களை நீலக்கல்லோடும் ஒப்பிட்டு அவர் அட்டவணை தந்தார். அவருக்குப் பின்வந்த அல்காஸினீ 1121இல் ‘ஞானத் தராசு’ என்னும் நூலில் அதனை மேலும் வளர்த்தார். நீரைப் போலப் பொன் 19.3 மடங்கு கனம், வெள்ளி 10.5 மடங்கு, செம்பு ஏறத்தாழ 9 மடங்கு. எட்டு கிராம் தூய பொற்காசு 0.41 கிராம் நீரையே விலக்கும், அதே எடையுள்ள பித்தளைக் காசு அதைப்போல் இருமடங்குக்கும் மேல் விலக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. டங்ஸ்டன் என்னும் உலோகத்தின் கனம் பொன்னோடு ஏறக்குறைய ஒத்திருப்பதால் தடித்த கட்டிகளில் இச்சோதனை ஏமாற்றிவிடும். உள்ளீடற்ற நகைக்கும் கல் பதித்த நகைக்கும் இது உதவாது.

சேதாரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் சூட்சுமம் பெரிதாக ஒன்றுமில்லை. பட்டறையில் சிந்தும் தூள் உண்மையில் வீணாவதில்லை. கோவையில் பொற்கொல்லர் தெருக்களின் சாக்கடை மண்ணைக்கூட அலசித் தங்கம் எடுத்துப் பிழைப்போர் இருக்கிறார்கள். பொற்கொல்லர் பட்டறை மண்ணை எதற்கு விற்கலாம் என்பதை ஃபிக்ஹ் நூல்கள் தனிப் பிரச்சினையாகவே ஆராய்ந்திருக்கின்றன. இயந்திரத்தில் செய்த சங்கிலிக்கும் பதினைந்து விழுக்காடு சேதாரம் என்றால், அது இழப்பின் பெயரில் வாங்கும் விலை. பேரம் பேசக்கூடியது, பேசத்தான் வேண்டும். செய்கூலி இல்லை, சேதாரம் குறைவு என்னும் விளம்பரங்களில் மயங்காமல், இறுதியில் கொடுக்கும் தொகையை நிகரத் தங்க எடையால் வகுத்துப் பார்த்தால் கடைக்குக் கடை உண்மை விளங்கிவிடும்.

பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்குவதோ மார்க்க நோக்கில் கவனத்துக்குரியது. பழைய நகை நாற்பது கிராம், புதியது முப்பத்தைந்து கிராம் என்று நேரடியாக மாற்றிக்கொண்டால் அது பொன்னுக்குப் பொன் ஏற்றத்தாழ்வோடு மாறுவதேயாகும். மட்டமான பேரீச்சம்பழத்தை இருமடங்கு கொடுத்து உயர்ந்த பழம் வாங்க வேண்டாம், விற்றுக் காசாக்கி அக்காசில் வாங்குக என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது போல, இங்கும் விற்பனை ஒன்று, வாங்குதல் ஒன்று என இரண்டாகப் பிரிக்க வேண்டும். பழைய நகைக்குரிய தொகை வங்கிக் கணக்கில் வரவானால், அது கைக்கு வந்ததாகவே கருதப்படும் என்று ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1990இல் முடிவு செய்திருக்கிறது. கடனுக்குத் தங்கம் வாங்குவதில் தற்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலுக்கு உடனடிப் பரிமாற்றமே உகந்தது. இப்படிப் பிரிப்பதால் உலக நன்மையும் ஒன்று கிடைக்கிறது. பழையதற்கு என்ன விலை, அதில் எவ்வளவு கழித்தார்கள் என்பது தனியே வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இனிக் கற்களுக்கு வருவோம். கண்டமங்கலத்திலிருந்து புதுச்சேரிச் சாலையில் கிழக்கே சென்று அரியாங்குப்பத்தை அடைந்தால், ஆற்றோரம் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அவ்விடத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அகேட், கார்னீலியன், படிகம் முதலான கற்களை மணிகளாகத் தீட்டியிருக்கிறார்கள். அதே இடத்தில் கண்ணாடி மணிகளையும் ஏராளமாகச் செய்து கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள். உண்மைக்கல்லும் அதன் அருகிலேயே கண்ணாடியும் என்பது இம்மண்ணின் பழைய வழக்கம் எனலாம்.

சிவப்புக்கல்லை எடுத்துக்கொள்வோம். அரபியில் யாகூத் என்பது மாணிக்கம், லஃல் என்பது அதனைப் போன்றே சிவந்த வேறொரு கல், இன்று ஸ்பினெல் எனப்படுவது. இரண்டும் வெவ்வேறு என்பதை அல்பீரூனீ தெளிவாகப் பிரித்திருந்தார். மாணிக்கம் நீரைப் போல நான்கு மடங்கு கனம், ஸ்பினெல் 3.6 மடங்கு. அவர் அறிந்திருந்ததை ஐரோப்பிய அரசவைகள் நெடுங்காலம் அறியவில்லை. இங்கிலாந்து மணிமுடியில் பதித்த ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ உண்மையில் ஸ்பினெல்லே.

1902இல் பிரெஞ்சு வேதியியலார் வெர்னெய்ல், அலுமினியம் ஆக்ஸைடு தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கத்தையே ஆக்கும் முறையை வெளியிட்டார். இது கண்ணாடியன்று. கனமும் கடினமும் இயற்கைக் கல்லுக்குச் சமம். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால், இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணமாகவும் இருக்கும், உருக்கிய கல்லில் வளைந்து ஓடும். கண்ணாடிக் கல்லிலோ உருண்டைக் குமிழிகள் தென்படும். திருச்சியிலும் புதுக்கோட்டை வட்டாரத்திலும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது பல தலைமுறையாகக் குடிசைத் தொழிலாக நடந்துவருகிறது. அவற்றைச் செயற்கைக் கல் என்று சொல்லி விற்பதில் யாதொரு குற்றமும் இல்லை. சொல்லாமல் விற்பதே குற்றம்.

இன்று இவற்றினும் நுட்பமான ஏமாற்று, வெடிப்புகள் நிறைந்த மட்டமான மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றி நிரப்புவது. 2004ஐ ஒட்டி இது சந்தையில் பரவியது. கல் உண்மையானதே, ஆனால் அதன் பளபளப்பு கண்ணாடியினுடையது. எலுமிச்சைச் சாறு பட்டாலே நிரப்பிய கண்ணாடி அரிபடும். மோதிரத்தைச் சரிசெய்யப் பொற்கொல்லர் சுடரைக் காட்டினால் கல் பாழாகிவிடும். இலங்கை நீலக்கற்களைச் சூடேற்றி நிறம் கூட்டுவது இதிலிருந்து வேறு. அது நிலையானது, வாணிபத்தில் ஏற்கப்பட்டது. எனினும் சூடேற்றாத கல்லின் விலை பன்மடங்கு என்பதால் அதையும் சொல்லியே விற்க வேண்டும். மரகதத்தில் எண்ணெய் ஊட்டுவது வழக்கம், வெந்நீரில் கழுவினால் எண்ணெய் வெளியேறி வெடிப்புகள் தெரியும். வைரத்தில் இப்போது ஆய்வகத்தில் வளர்த்தவை வந்துவிட்டன. அவை வைரமே. ஆனால் அவற்றின் விலை சில ஆண்டுகளில் மிகவும் சரிந்துவிட்டது. கடையில் ஊசிமுனைக் கருவியைத் தொட்டு ஒலி எழுப்பிக் காட்டுவார்கள். அது வெப்பம் கடத்துவதைக் காட்டுமேயன்றி, மண்ணில் விளைந்ததா ஆய்வகத்தில் விளைந்ததா என்று சொல்லாது. மொய்ஸனைட் என்னும் போலியும் அக்கருவியை ஏமாற்றிவிடும். விலை உயர்ந்த கல்லுக்கு, விற்பவரோடு தொடர்பில்லாத சோதனைக் கூடத்தின் சான்றிதழே வழி. சான்றிதழ் இருந்தாலும் கல்லைத் திரும்ப விற்கையில் கொடுத்த விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. தங்கத்துக்கு நாள்தோறும் ஊரறிந்த விலை உண்டு, கல்லுக்கு அப்படியொன்று இல்லை.

இன்ன கல் அணிந்தால் இன்ன நன்மை என்று சொல்லி விலை ஏற்றுவது ராசிக்கல் கடைகளோடு நின்றுவிடவில்லை. அகீக் கல்லின் சிறப்பைப் பற்றி ஹதீஸ் என்ற பெயரில் சீட்டு அச்சிட்டு வைத்து விற்போரையும் நாம் கண்டிருக்கிறோம். அகீக் பற்றி நபியவர்களிடமிருந்து உறுதியான அறிவிப்பு எதுவுமில்லை என்பது ஹதீஸ் திறனாய்வாளர் அல்உகைலீ (ரஹ்) அவர்களின் முடிவு. நபி (ஸல்) அவர்கள் அபிசீனியக் கல் பதித்த வெள்ளி மோதிரம் அணிந்தார்கள் என்பது மட்டும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மணமகனுக்கு மோதிரம் வாங்குவோர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வெள்ளைத் தங்கம்’ என்பது தங்கமே. வேறு உலோகம் கலந்து, பெரும்பாலும் மேலே ரோடியம் பூசி வெளுக்க வைத்தது. ஆணுக்கு அது ஆகாது. பிளாட்டினம் தங்கமன்று, அதனை அனுமதித்த அறிஞர் பலர். ‘ஜெர்மன் சில்வர்’ என்பதில் பெயரைத் தவிர வெள்ளி அணுவளவும் இல்லை, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான்.

ஜகாத்தைப் பொறுத்தவரை, அணியும் நகைக்கும் ஹனஃபீ மத்ஹபில் ஜகாத் கடமை. ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதிக்கப்பட்ட அளவில் அணியும் நகைக்கு இல்லை. கல்லுக்கும் முத்துக்கும், வாணிபச் சரக்காக இருந்தாலன்றி, இரண்டிலும் இல்லை. ஆகவே கல் எடையை அறிந்திருப்பது விற்கும் நாளுக்கு மட்டுமன்றி ஒவ்வோர் ஆண்டுக்கும் தேவைப்படுகிறது.

தங்கையின் குடும்பம் ஹனஃபீ. அட்டிகை விற்ற அன்று இரவு அவள் இதைத்தான் கேட்டாள். ‘அண்ணே, இத்தனை வருஷமும் நாப்பது கிராமுன்னு நெனச்சில்ல ஜகாத் கொடுத்தேன்?’ பத்து கிராமுக்கு ஆண்டுக்குக் கால் கிராம், பதினேழு ஆண்டுக்கு நாலே கால் கிராம் என்று கணக்கிட்டோம். ஒரு மித்கால், சரியாக ஒரு தீனார். அது ஸதகாவாகச் சேர்ந்திருக்கும் என்றோம். ‘ஏழைங்க வாங்கின அந்த அரைப் பவுன் போகட்டும்ணே, அதுக்கு நான் வருத்தப்படல. அத்தா கொடுத்த அந்த ஒன்னே கால் பவுன் காசைத்தான் மறக்க முடியல’ என்றாள். பெயர்த்தெடுத்த சிவப்புக் கற்களைக் கடைக்காரர் காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுத்திருந்தார். நாம் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் உருண்டைக் குமிழிகள்.